கடற்கரையில் இரண்டு பேருக்கு அறை

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமாக இருக்க வேண்டும். இது ஐந்தாவது கடிதம். முந்தைய நான்கும் திரும்பி வரவில்லை, அதனால் உன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பிரித்தாயா, அப்படியே அடுப்பில் போட்டாயா என்பதுதான் தெரியவில்லை. இதை மட்டும் கடைசி வரை படித்துவிடு.

சலவைக்கூடத்து முற்றத்தில் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. ஈர விரிப்புகளில் ஒட்டிக்கொள்கிறது என்று வெளியே காயப்போடுவதை நிறுத்திவிட்டார்கள். பாய்லர் கழுவ அடுத்த வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுமுறை. இலை கொட்டும்போது கடலுக்குப் போவோம், கூட்டம் இருக்காது, கடல் முழுக்க நமக்குத்தான் என்று இஸ்திரி போட்டுக்கொண்டே திட்டம் போட்டாயே, அந்த மூன்று நாள்தான்.

விடுதிக்கு போன் செய்தேன். ஆமாம், நானேதான். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துப் படித்தேன். விடுதிக்கார அம்மா, "யாரும்மா அது, பாடம் ஒப்பிக்கற மாதிரி பேசற?" என்று கேட்டார். மாடியில் கடலைப் பார்த்த அறை, இரண்டு கட்டில். ஒரு ஜன்னல் சரியாக மூடாதாம், காற்றுக்குத் துணி செருக வேண்டுமாம். "ரெண்டு பேர்னு சொல்லிட்டுக் கடைசியில ஒருத்தி மட்டும் வந்து நிக்கக் கூடாது. தனியா வர்ற சின்னப் பொண்ணுக்கு நான் ரூம் குடுக்க மாட்டேன்" என்றார். இரண்டு பேரும்தான் வருவோம் என்று சொன்னேன். அது மட்டும் தாளில் இல்லாதது.

இனி அந்த விஷயம். நான்கு கடிதத்திலும் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ஓடிவிட்டேன்.

அன்று என் நீல நூல் தீர்ந்துவிட்டது. வெளுக்கப் போடும் முன் யார் பிரித்த துணி என்று தெரிய அவரவர் நூலால் மூலையில் ஒரு தையல் போட வேண்டுமே. மேற்பார்வைக்கார அக்காவிடம் புது நூல் கேட்கக் கூச்சமாக இருந்தது. நீ சாப்பிடப் போயிருந்தாய். உன் பெட்டியிலிருந்து பச்சை நூலை எடுத்துப் போட்டேன். அந்த மேசைவிரிப்புகளுக்குள் ஒரு சிவப்புக் கைக்குட்டை சுருண்டு கிடந்ததை நான்தான் கவனிக்கவில்லை. நாற்பது வெள்ளை விரிப்பும் ரோஜா நிறத்தில் வெளியே வந்தபோது முதலாளி மூலையைப் புரட்டிப் பார்த்தார். பச்சை.

நீ என்னைப் பார்த்தாய். நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன். நாள் முழுக்க வாய் ஓயாத நீ அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரலை நீட்டி "இவதான்" என்று சொல்லியிருந்தால் போதும். நானே சொல்வேன் என்று காத்திருந்தாய். மேலங்கியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைக்கும் வரை காத்திருந்தாய். அவ்வளவு மெதுவாக நீ எதையும் மடித்ததில்லை.

உன் அக்கா வீட்டுக்காரர், வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்தவள் என்று சாப்பிடும் நேரம் பார்த்துக் குத்திக் காட்டுகிறார் என்று துணி வண்டிக்கார அண்ணன் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவை சொன்னது பாய்லர் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை, "நூல் வேணும்னா அக்காகிட்ட கேளு" என்றார். மூன்றாம் தடவை நான் கத்தவும், பாய்லரைச் சோதிக்க வந்தவர் அதை நிறுத்தவும் சரியாக இருந்தது. "பச்சை நூல் போட்டது நான்தான்" என்பது கூடம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அஞ்சு மாசமா வாய்க்குப் பூட்டா போட்டிருந்த?" என்றார் முதலாளி. பிறகு, "லீவு முடிஞ்சு திங்கக்கிழமை அவளை வரச் சொல்லு. ஆனா ரெண்டு பேருக்கு இங்க மேசை கிடையாது" என்றார்.

ஆகவே திங்கட்கிழமை முதல் உன் வேலை உனக்கு. என் மேசையை எடுத்துக்கொள், வெளிச்சம் நன்றாக விழும். இதற்காக என்னை மன்னிக்க வேண்டியதில்லை. நீ கடலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்த மேசை உன்னுடையதுதான். வேலையில்லாமல் வீட்டில் என்ன சொல்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமையைத் தாண்டி என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை.

உன் ஊர் பேருந்தும் என் ஊர் பேருந்தும் பத்து மணிக்குச் சந்திப்பு நிலையத்துக்கு வரும். கடலுக்குப் போகும் பேருந்து பத்தரைக்கு. அதை விட்டால் இரண்டரை, பிறகு ஐந்து. மூன்றுக்கும் காத்திருப்பேன், பெரிய கடிகாரத்துக்குக் கீழே. ஐந்து மணி பேருந்தும் போய்விட்டால் எந்தப் பக்கம் போவேன் என்று தெரியாது.

திட்டுவதற்காகவாவது வா. அலை இரைச்சல் பாய்லரை விடப் பெரிது என்கிறார்கள், கரையில் ஆளும் இருக்காது. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் திட்டு. மூன்று நாளும் திட்டு. நீ என்னோடு பேசாமல் இருப்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு துண்டும், ஜன்னலில் செருக ஒரு பழைய துணியும் எடுத்து வைத்துவிட்டேன். காற்று படாத கட்டில் உனக்கு.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும், கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் கடிகாரத்துக்குக் கீழே இரு.

இப்படிக்கு,
நீ வைத்த பெயரிலேயே,
உன் ஊமைக்கோட்டான்