ஓரத்தில் நிற்பவள்

ஜனவரி 16, 2025

நேற்று வேடசந்தூரில் ஒரு சடங்கு வீட்டில் வைத்து என் கேமரா செத்துப் போனது. மாமன் சீர்த்தட்டு உள்ளே வரும் நேரம். டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே இருட்டு. மீதியைக் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

இனிப் புது ரக மிரர்லெஸ் கேமராதான். ரவுண்ட் ரோட்டில் கேமரா வாடகைக் கடை வைத்திருக்கும் பைசல் இரண்டு கேமரா பாடிகளைக் கொடுத்தனுப்பினான். ஒன்றில் படம் விழும் சென்சார் பெரியது, இன்னொன்றில் சின்னது. "ஒரே லென்ஸ்தான்க்கா ரெண்டுக்கும். மாத்தி மாத்திப் போட்டு எடுத்துப் பாருங்க. எது புடிக்குதோ சொல்லுங்க, புதுசு வரவச்சுத் தாரேன்."

வீட்டுக்காரர் பெரியதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஏற்கெனவே மணிக்கட்டு வலிங்குற. சின்னத வாங்கு."

நியாயம்தான்.

ஜனவரி 17

மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு மலைக்கோட்டையை இரண்டிலும் எடுத்தேன். பெரியதில் பாறை முழுக்க விழுகிறது, இரண்டு பக்கமும் வீடுகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம். சின்னதில் பாறை கிட்டே வந்த மாதிரி இருக்கிறது. பைசலிடம் போனில் சொன்னேன். சிரித்தான். "கிட்ட வரலக்கா. ஓரத்த வெட்டிருது, அம்புட்டுத்தான்."

வெளிச்சம் குறைந்த அடுப்படியில் சின்னது புள்ளி புள்ளியாகக் கிரெய்ன்ஸ் அடிக்கிறது. பெரியதில் சுத்தம். ஆனால் கனம்!

ஜனவரி 19, ஞாயிறு

மரியநாதபுரத்தில் ஆல்வின் நிச்சயதார்த்தம். அப்பா இல்லாத பையன். அம்மா வியாகுலம்மாள் தையல் மிஷினை மிதித்தே ஆளாக்கியவர். விசேஷம் அவர்கள் வீட்டிலேயே, சின்ன ஹால். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு, முதலில் பெரிய பாடி, பிறகு ஸ்டாண்டை நகர்த்தாமல் அதே லென்ஸோடு சின்னது. நல்ல கூட்டம், நல்ல பிரியாணி. கால் விண் விண்ணென்கிறது.

ஜனவரி 20

மதியம் உட்கார்ந்து படங்களைத் திறந்தேன்.

பெரிய சென்சார் படங்களில் இடது ஓரத்தில், அடுப்படிக் கதவை ஒட்டி ஒரு பெண் நிற்கிறாள். பதினாறு பதினேழு வயது இருக்கும். ஒற்றைச் சடை, வெளிறிய சுடிதார். சின்ன சென்சார் படங்கள் அவளுக்கு முன்னாலேயே வெட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன.

அப்படி ஒரு பெண்ணை அங்கே நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நடுவில் வரச் சொல்லியிருப்பேன், அதுதானே என் வேலை?

எல்லாப் படங்களிலும் இருக்கிறாள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள், திரும்புகிறார்கள், கண்ணை மூடுகிறார்கள். அவள் அசையவில்லை. குடும்பத்தைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்க்கிறாள்.

பெரிதாக்கினேன். படம் முழுக்கக் கண்ணாடி மாதிரி சுத்தம். அவள் நிற்கும் இடத்தில் மட்டும் கிரெய்ன்ஸ். அந்த ஒரு முழ இடத்துக்கு மட்டும் வெளிச்சம் போய்ச் சேராத மாதிரி.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே போய், வெயிலில் நின்றேன்.

ஜனவரி 21

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பக்கத்து வீட்டுப் புள்ளயா இருக்கும்டி. இதுக்குப் போயி..." என்றார். ஆனால் இரண்டாவது படத்தைக் காட்டப் போனபோது "போதும், மூடு" என்றார்.

எல்லாப் படங்களிலும் இடது ஓரத்தை வெட்டிவிட்டு ஆல்வினுக்கு அனுப்பினேன். சின்ன கேமராவே போதும் என்று பைசலிடமும் சொல்லிவிட்டேன். முடிந்தது.

ஜனவரி 23

முடியவில்லை. ஆல்வின் போன் செய்தான். "படம் நல்லாருக்குக்கா. ஆனா அடுப்படிக் கதவு ஏன் ஒண்ணுலயும் விழலன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ஏன் கேக்குறாங்க? அந்தக் கதவுல என்ன இருக்கு?

ஜனவரி 24

போனேன். வெட்டாத படங்களை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போனேன். வியாகுலம்மாள் ஆல்வினைக் கடைக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கதவோரம் யாரும் நின்னாங்களா தாயி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவருக்கு ஒரு மகள், சகாயராணி. நான்கு வருசத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாளாம். "போட்டோ எடுக்கக் கூப்பிட்டா அந்தக் கதவோரம் போயி ஒளிஞ்சுக்குவா. ஒரு படத்துல தோளு, ஒரு படத்துல சடை. முழு முகம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. சும்மா இருக்கறப்பவும் அங்கனதான் நிப்பா. யாருகூடவோ பேசுற மாதிரி வாய் அசையும். செபம் சொல்றான்னு நெனச்சுக்குவேன்."

படத்தைத் திறந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். திரையில் மூச்சுப் பட்டது. எவ்வளவோ நேரம்.

"இது அவ இல்ல" என்றார்.

அந்தக் கதவு எங்களுக்கு மூன்றடி தூரத்தில் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "எம்மக இடத்துல நிக்கிற இந்தப் புள்ள யாரு? இவளுக்கும் ஒருத்தி பெத்தவ இருப்பாளே. முகம் மட்டும் பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக் குடு தாயி."

ஜனவரி 25

பிரிண்ட் கொடுத்தேன். பைசலுக்குப் போன் செய்து, பெரிய கேமராவையே வரவழைக்கச் சொன்னேன். "என்னக்கா, மனசு மாறிருச்சா?" என்றான். ஓரம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வெட்டுகிற கேமராவை எப்படிக் கையில் பிடிப்பது?

பிப்ரவரி 9

வியாகுலம்மாள் சும்மா இருக்கவில்லை. பிரிண்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டை விற்றவரைத் தேடிப் போயிருக்கிறார். இவர்கள் வாங்குவதற்கு முன்னால் மில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடாம். விற்றவர் படத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். படத்தில் இருப்பவள் பெயர் மாரீஸ்வரியாம். ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். காய்ச்சலோடு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஆல்வினைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக விசாரித்து அவளுடைய அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வருகிறார். வியாகுலம்மாள் என்னையும் கேமராவோடு வரச் சொன்னார். வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். நான் போவேன்.

பிப்ரவரி 16

மாரீஸ்வரியின் அம்மா பெயர் பழனியம்மாள். காய்ந்த மானாவாரிக் காட்டில் கடலை போடுகிறவர். கால் வெடிப்பில் செம்மண். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார்.

"அவ இருந்த வீட்ட நான் பாத்ததே இல்லம்மா. ஞாயித்துக்கெழம வாரேன்டி, கூட்டிட்டுப் போறேன்னு ஆளுகிட்டச் சொல்லி அனுப்பிச்சேன். வெள்ளிக்கெழமயே அவ ஒடம்ப வண்டியில வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. வாரேன்னு சொன்ன நான் வரவே இல்லியே..."

பெரிய கேமரா அதே இடத்தில், ஸ்டாண்டில் இருந்தது. திரையைப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. வெறும் கதவுதான் தெரிந்தது. ஆனால் ஆளைத் தேடும் ஃபோகஸ் கட்டம் தானாக நகர்ந்து இடது ஓரத்துக்குப் போய், ஆளில்லாத இடத்தில், ஒரு முகத்தின் உயரத்தில் நின்றது. ஒரு படம் எடுத்தேன். இருந்தாள். அதே நிற்பு, வாசலைப் பார்த்து.

பழனியம்மாள் உள்ளே காலெடுத்து வைத்தார். நேராக அடுப்படிக் கதவுக்குப் போனார். யாரும் இடம் காட்டவில்லை. நிலைப்படியில் கை வைத்து, எங்களுக்குக் கேட்காத குரலில் என்னவோ சொன்னார். பிறகு சத்தமாக, "வாடி, போவோம்" என்றார்.

கட்டம் அணைந்தது. இன்னொரு படம் எடுத்தேன். பழனியம்மாள் மட்டும்தான். அவரைச் சுற்றி வெளிச்சம் சுத்தமாக இருந்தது.

தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆட்டோவில் ஏறியவர் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் பையை வைக்கப் போன ஆல்வினிடம், "மடியில குடு அப்பு" என்று வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 26

ஆல்வின் கல்யாணம். கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன்னால் வீட்டில் குடும்பப் படம். பட்டுச்சேலையோடு வியாகுலம்மாள் என் பக்கத்தில் வந்து, "ஓரத்துல பாத்தியா?" என்று கேட்டார்.

"யாருமில்லம்மா. அந்தப் புள்ள போயிருச்சு."

"ஆமா." அடுப்படிக் கதவைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. என்னால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"எடம் காலியாயிருச்சுல்ல தாயி. இனி எம்மக வந்து நிக்கலாம். மாசம் ஒருக்கா வந்து ஒரு படம் எடுத்துத் தாரியா?"

"வாரேம்மா" என்றேன்.

மார்ச் 30

மரியநாதபுரம் போய்வந்தேன். ஆல்வின் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். வீட்டில் அவன் அம்மா ஒருவர்தான். அடுப்படிக் கதவைப் படம் எடுத்துக் காட்டினேன். கதவுதான் இருந்தது.

வியாகுலம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"வெக்கப்படுறா. பழக்கமில்லேல்ல. அடுத்த மாசம் பாப்போம்" என்று எழுந்து, எனக்கு டீ போடப் போனார். அந்தக் கதவைத் தாண்டும்போது உடம்பைக் கொஞ்சம் ஒடுக்கி, யாருக்கோ வழிவிட்டு நுழைந்தார்.