இரண்டு பொய்யும் ஒரே மேசையில்

ஜூன் 3, செவ்வாய்

தையல் கடையில் இன்றும் பாதி நாள்தான் வேலை. வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டு வெல்டிங் பட்டறையை விட்டு நான்கு மாதமாகிறது. வடித்த சோறு பாப்பாவின் டப்பாவுக்கும் அவர் மதியத்துக்கும் சரியாகப் போயிற்று. "உனக்கு?" என்றார்.

"கடையில டீயும் பன்னும் தராங்க. வயிறு ரொம்பிடுது."

பொய் எவ்வளவு சரளமாக வருகிறது எனக்கு.

ஜூன் 5

நூலகத்துக்குப் பின்னால் ஒரு கூடத்தில் மதியம் சாப்பாடு போடுகிறார்களாம். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்?

ஜூன் 6

மறுபடியும் போனேன். வாசலில் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கையோடு ஓர் அம்மாள் வெளியே வந்தார். பெரியக்கா என்கிறார்கள். பேர், ஊர், என்ன கஷ்டம் — ஒன்றும் கேட்கவில்லை.

"நேத்தும் வந்துட்டுப் போனீங்கல்ல? உங்களுக்குன்னு எடுத்து வெச்ச தட்டை நானே சாப்பிட்டேன். இன்னிக்கும் என்னைக் குண்டாக்கிடாதீங்க."

சிரித்தேன். உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. வரிசையில் நிற்க வேண்டாம். மேசைக்கே வந்து பரிமாறுகிறார்கள்.

ஜூன் 9

தினமும் போகிறேன். அவரிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் நொறுங்கிப்போவார் மனுஷன்.

ஜூன் 12

வழக்கமாக ஒன்றரைக்குப் போவேன். கடையில் கரண்ட் போனதால் இன்று பன்னிரண்டுக்கே போய்விட்டேன்.

ஜன்னலோர மேசையில் அவர். என் வீட்டுக்காரர்! ஓடிவிடலாமா? அதற்குள் பார்த்துவிட்டார்.

"நீ கடையில பன்னு சாப்பிடல?"

"உங்களுக்கு வீட்ல சோறு வெச்சிட்டு வந்தேனே?"

"அதைப் பானையிலயே திருப்பிக் கொட்டிடுவேன். சாயங்காலம் மீந்திருக்குன்னு நீ சாப்பிடுவியே, அது அதான்."

அவர் முதலில் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

பெரியக்கா வந்து பார்த்தார். "தெரிஞ்சவங்களா?"

"புருஷன் பொண்டாட்டிங்க," என்றேன்.

"அப்ப ஒரே மேசையில உக்காருங்க. எனக்கு நடை மிச்சம்."

ஜூன் 13

எழுந்ததும் தோன்றியது: இன்று யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம்.

ஜூன் 27

கூடத்தில் எங்களோடு சாப்பிடும் லாரி டிரைவர், தான் சரக்கு ஏற்றும் கிடங்கில் அவருக்காகப் பேசியிருக்கிறார். உட்கார்ந்து செய்யும் வேலை. "முதுகு விஷயத்தையும் சொல்லிட்டேன். பரவாயில்லன்னாங்க." திங்களிலிருந்து இவர் போகிறார்.

ஜூலை 20, ஞாயிறு

பெரியக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். நாற்காலி போதவில்லை, பாப்பா கட்டிலில். பழக்கதோஷத்தில் பெரியக்கா இரண்டு தரம் கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "உக்காருங்கக்கா, இது எங்க வீடு," என்று இவர் வாங்கி வைத்தார்.

பாத்திரம் காலி. நாலு பேரும் சாப்பிட்டுத்தான் காலி.