எர்த் குழியில் ஈரம்

ஜனவரி 30, வெள்ளி

உறைபனி. வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஏடு. சாக்ஸ் காயவில்லை. சம்பளம் ஏறிவிட்டதாகக் குறுஞ்செய்தி.

பஸ் ஸ்டாப்பில் கீழ்வீட்டு அக்கா: "கரண்டு இன்ஸ்பெக்டரம்மாவுக்கு என்னங்க! மழை பேஞ்சாலும் சம்பளம், வெயிலடிச்சாலும் சம்பளம்." சிரித்துவைத்தேன். அந்தச் சம்பளம் வந்த பிறகுதான் அம்மா தேயிலை பறிக்கப் போவதை நிறுத்தினாள். விரல்கள் இன்னும் நிமிரவில்லை.

வாங்க: அம்மாவுக்குத் தைலம், டார்ச் பேட்டரி. தம்பி ஹாஸ்டலுக்குப் பணம்.

பிப்ரவரி 2, திங்கள்

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. சனிக்கிழமை அங்கே இலை வாட்டும் இடத்தில், மின்விசிறிச் சட்டத்தைத் தொட்ட செல்வி என்ற பெண் ஷாக்கடித்து இறந்துவிட்டாள். விசாரணை என்னுடையது. ஆபீசுக்கு வண்டி இல்லை. வழக்கம்போல எஸ்டேட் ஜீப்.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை அளந்தேன். மீட்டர் இருக்கவேண்டிய அளவைத் தாண்டி எங்கோ போய் நின்றது. டிசம்பரில் இதே குழி. நான்தான் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எலெக்ட்ரீஷியன் மணியண்ணன் மறைக்கக்கூட இல்லை. "நீங்க வர்றதுக்கு மொத நாளு உப்பும் தண்ணியும் ஊத்திருவோங்க மேடம், மீட்டர்ல சரியா காட்டும். எல்லா ஃபேக்டரியிலும் அதானுங்களே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அன்று சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது, குழி மட்டும் ஈரம். பனி என்று நினைத்தேன். நினைத்தேனா?

செல்வியின் கணவர் முருகையா ஜீப் வரை வந்தார். "அவ ஈரக்கையோட தொட்டானு எழுதிட்டா கம்பெனி ஒண்ணும் தராதாம். தொரை சொல்றாரு. ரெண்டு பிள்ளைங்க மேடம்." அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு: "ஏனுங்கம்மா, குழி சரியில்லைனு எழுதுனா, டிசம்பர்ல என்னத்த பாத்தீங்கனு கேப்பாங்க. ப்ரொபேஷன் இன்னும் முடியல. இன்க்ரிமென்ட் போயிரும். வேலையே போனாலும் போயிரும். ஈரக்கைனு எழுதுங்க. பொய்யும் இல்லீங்களே, கை ஈரந்தானே."

நல்ல மனிதர்தான். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

நாவல்களில் குற்றம் செய்தவர்கள் தூக்கமின்றித் தவிப்பார்கள். நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அதுதான் பயம்.

பிப்ரவரி 5, வியாழன்

வெயில். தொண்டை வலி. இரண்டு அறிக்கை எழுதி, ஒன்றைக் கிழித்தேன். குழி, உப்பு, டிசம்பரில் என் தவறு, எல்லாம் எழுதித் தபாலில் சேர்த்தாயிற்று. மேலதிகாரி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. பழைய தேயிலைக் கூடையை யாருக்கோ கொடுக்கப் போகிறாளாம். இருக்கட்டும், கொடுக்காதே என்றேன்.

சாயங்காலம் முருகையாவுக்கு நானே போன் செய்தேன். செல்வி மேல் தப்பில்லை என்று எழுதியதைச் சொன்னேன். டிசம்பரில் நடந்ததையும்.

"நல்லா இருக்கணும் மேடம்." அழுதார். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப... டிசம்பர்லயே நீங்க சரியா பாத்திருந்தா, அவ இருந்திருப்பாளா மேடம்?"

"ஆமாங்க."