ஹிக்கரிக் கம்பு

1893, பிப்ரவரி 14
ரயில்வே கம்பெனியின் மூன்றாவது பதில். அதே வரி. "லைல் ஹாட்லி, சரக்குப் பெட்டிகளை இணைக்கையில் நசுங்கி இறப்பு. காரணம்: சொந்தக் கவனக்குறைவு." ஒரு பெட்டியின் இரும்பு வளையத்தைக் கம்பால் தூக்கி அடுத்த பெட்டியின் துளையில் விட வேண்டும் என்பது விதியாம், என் மகன் கையால் தூக்கினானாம். பெட்டி கோக்கும் எந்த யார்டில் எவன் கம்பைத் தொடுகிறான்? எழுதிவிட்டேன்: அந்த வரியை அடித்துவிடுங்கள்.

மார்ச் 4
சட்டம் வந்துவிட்டது. இனிமேல் பெட்டிகள் முட்டினாலே தாமாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். கம்பெனிகளுக்கு ஐந்து வருட அவகாசம். லைல் போய் நாலு மாதம்.

மார்ச் 19
தேவாலய வாசலில் எங்கள் யார்டு ஃபோர்மேன் கிராண்டலைப் பிடித்தேன். "கம்பு எடுத்தவனையெல்லாம் கேலி பண்ணினியே, அதைக் கம்பெனில வந்து சொல்லு."
"பண்ணினேன். நீ சிரிக்கலையா, ஆரின்?"
பொய்க்காரப் பயல்.

1894, அக்டோபர் 30
லைலை வேலைக்குக் கூட்டிப்போன நாள் நினைவுக்கு வந்தது. கிராண்டல் அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். "பத்தும் இருக்கா? அப்ப பச்சைக் குழந்தைதான்! உங்கப்பனைப் பாரு, ஏழே விரல், மீதியை வளையம் தின்னுருச்சு. அதுக்குப் பேருதான் ஆளு." யார்டே சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எதற்கு எழுதுகிறேன்?

1898, ஜனவரி 1
கம்பெனிகள் கூடுதல் அவகாசம் கேட்டன. இன்னும் இரண்டு வருடம் கொடுத்துவிட்டார்கள்.

1900, ஆகஸ்ட் 1
அதற்குமேல் கொடுத்த ஏழு மாதமும் போய், கடைசிக் கெடு முடிந்தது. யார்டுக்குப் போனேன். ஒருவன் கால்சட்டைப் பையில் கைகளை விட்டபடி தள்ளி நின்றான். பெட்டி வந்து முட்டியது, பூட்டிக்கொண்டது. "ஒதுங்குங்க பெரியவரே, அது தானாவே புடிச்சுக்கும்" என்று இரண்டு கைகளையும் வெளியே எடுத்து ஆட்டினான். எண்ணினேன். பத்து.

வீட்டில் லைலின் மனைவி வெர்னா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். யார்டில் பார்த்ததைச் சொன்னேன். தலை நிமிரவில்லை.
"உங்க மகன் ரெண்டு நாள் உக்காந்து ஹிக்கரி மரத்துல கம்பு சீவினாரு, மாமா. அது எங்க போச்சுன்னு நான் உங்களை ஒரு நாளும் கேக்கலை."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏழு வருடமாக.

கம்பெனிக்கு எழுதினேன். "லைல் ஹாட்லியின் பெயருக்கு எதிரே உள்ள வரியை அடித்துவிடுங்கள். அவன் கம்பு செய்து வைத்திருந்தான். 'என் மகன் கம்பு புடிக்கிறதா?' என்று பிடுங்கி அடுப்பில் போட்டவன் நான். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள்: ஆரின் ஹாட்லி, தகப்பன்."

பதில் வராது. மறுபடி எழுதுவேன்.