முரசில் கட்டிய காப்பை அவிழ்க்க வேண்டி

மேலைக்கடல் முதல் மாந்தைமலை வரை நெடுங்குன்ற நாட்டை ஆளும் அரிமாவளவப் பெருமானின் திருமுன்புக்கு, கருங்கால்மலைப் பாசறையிலிருந்து மூத்த அமைச்சன் நீலங்குடி ஆதன் வணங்கி எழுதுவது. ஏரிகள் நிறைந்திருக்க, தங்கள் குடையின் கீழ் எவ்வுயிரும் அஞ்சாதிருக்க.

“தம்பியே ஆனாலும் தலை கொய்க” என்ற மறுமொழி இன்று காலை வந்தது. இரண்டாம் முறையும் அதே சொல். ஆகவே அடியேனும் மறுபடி எழுதுகிறேன். 

போருக்கு முன் வேந்தர் முரசில் காப்புக் கயிறு கட்டுவதும், அவரே வந்து அவிழ்க்கும்வரை படை உண்ணாதிருப்பதும் நம் குலவழக்கம். தங்கள் தந்தையார் விடியலில் கட்டி உச்சிவேளைக்குள் அவிழ்த்துவிடுவார். தாங்களோ பகைவன் பிடிபடும்வரை அவிழ்ப்பதில்லை என்று படை முழுவதும் கேட்கச் சூளுரைத்து, கட்டிய கையோடு தலைநகர் திரும்பினீர்கள்.

இரண்டாம் நாளே வில்லாளிகளால் நாணேற்ற முடியவில்லை. பகைவன் கோட்டையின் கிழக்கு வாயிலை முற்றி நின்ற முந்நூறு பேருக்குத் தங்கள் தம்பி இளவரசர் கடம்பர் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றினார். தாமும் ஒரு கலயம் குடித்தார். அடியேன் தடுத்தேன். “அண்ணன் கோபம் நாலு நாள்ல ஆறிடும் ஐயா. இவங்க நாளைக்கு இருப்பாங்களா?” என்று சிரித்தார். மறுநாள் காலை அந்த வாயிலைத் தகர்த்துத் திறந்தவர்கள் அந்த முந்நூறு பேர்தாம். மற்றவர்கள் எழத் தெம்பின்றிக் கிடந்ததால் பகைவன் பின்சரிவில் இறங்கித் தப்பினான். கூழால் தப்பினான் என்று எழுதியிருக்கிறீர்கள். பசியால் தப்பினான், பெருமானே.

நம் துறைமுகத்து யூத வணிகர் எலியாசர் ஒருமுறை தம் மறைநூலிலுள்ள சவுல் என்னும் வேந்தரின் கதையைச் சொன்னார். வேட்டைக்கு நேரமாயிற்று என்று தாங்கள் பாதியில் எழுந்துவிட்டீர்கள். கேளாத பாதி இது. என் பகைவரைப் பழிதீர்க்கும்வரை, மாலைக்குள் உண்பவன் சாபத்துக்கு உள்ளாவான் என்றார் சவுல். ‘நம் பகைவர்’ என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. சூளுரையை அறியாத மகன் யோனத்தான் கோல்நுனியால் காட்டுத்தேன் தொட்டு உண்டார், கண் தெளிந்தது. அவரும் சாகவேண்டும் என்றார் தந்தை. பிறிதொரு போரில் அழிக்கவேண்டிய கொள்ளையை வைத்துக்கொண்ட தவறு வெளிப்பட்டபோது, மக்கள் செய்தது என்று கைகாட்டினார். குற்றத்தை ஒப்பிய பிறகும், அதைச் சுட்டிய இறைவாக்கினரிடம், பெரியோர் முன் தம் மதிப்பைக் காக்கும்படியே கெஞ்சினார். சொன்னதைத் திருப்பி எடுப்பது சிறுமை என்று அஞ்சியதாலேயே அவர் அரசு தேய்ந்தது என்றார் எலியாசர்.

ஆனால் அங்கே படை எழுந்து நின்று, யோனத்தானின் தலைமயிர் ஒன்றும் தரையில் விழவிடோம் என்று காத்தது. இங்கே எவரும் எழவில்லை. இன்று ஐந்தாம் நாள். கூழ் குடித்தவர்களும் இப்போது அஞ்சி எதையும் தொடுவதில்லை. முதிய வேல்வீரன் ஒருவன் மட்டும், “ராசா அங்க சாப்பிடுறாரா சாமி?” என்று கேட்டான். 

நாளை மாலை தண்டனைக்குப் பொழுது குறித்திருக்கிறீர்கள். பாசறையில் மூத்தவன் வாளெடுக்க வேண்டும். கடம்பர் பிறந்த அன்று அவர் பெயரை அரண்மனை ஏட்டில் எழுதியவன் அடியேன். இரு வேந்தரிடம் பணிசெய்து களைத்த இந்தக் கை இதற்கு உயராது. ஆகவே இவ்வோலையில் முத்திரை பதித்து, முத்திரை மோதிரத்தையும் உடன் அனுப்பியிருக்கிறேன். வேறொருவருக்கு அளிப்பதும் தங்கள் விருப்பம்.

அரைநாள் வழிதான். தாங்களே வந்து அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுகிறேன். அதற்கு மனம் வராவிடில், சிறிய வேண்டுகோள் ஒன்று. ஓலை கொண்டுவந்து தங்கள் முன் நிற்பவன் வேட்டன். காப்புக்கு உட்பட்ட குதிரைவீரன். தாங்கள் சொன்னாலன்றி உண்ணமாட்டான். அவனுக்கு ஒரு பிடி சோறு போடச் சொல்லுங்கள், பெருமானே.