கிள்ளிப் பார்த்தவள்

2-9-2008, செவ்வாய்

தலைவலி என்று ஃபோர்மேன் சங்கிலிமுத்து அண்ணாச்சிக்கு ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டு, வெம்பக்கோட்டை அணை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். எந்தப் பக்கம் வலித்தது என்று நாளைக்குக் கேட்பார். போன மாதம் இடது பக்கம். சொன்ன பொய் மறந்துவிடக் கூடாதே என்றுதான் இந்த டைரியே.

3-9-2008

வலது பக்கம் என்றேன். அண்ணாச்சி நம்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் மட்டும் மூக்கை உறிஞ்சினாள். "ஏட்டி பொன்மணி, உன் தலைவலியில மீன் வாசம் அடிக்கு." சரவெடி பின்னுவதில் எங்கள் அறையில் நான் முதல், அவள் இரண்டாவது. வயிற்றெரிச்சல் இருக்காதா?

8-9-2008

வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் வரும். மதினி வீட்டில் காதுகுத்து.

15-9-2008, மதுரை ஆஸ்பத்திரி

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல்தான்.

புதன்கிழமை காலை கம்பெனி வேன் நிற்பதற்குள் குதித்தேன் — எனக்கென்ன அவசரமோ — வலது தோள் கல்லில் மோதியது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அக்குள் பக்கம் வீங்கி, கை மரத்துப்போனது.

"கையத் தூக்க முடியல அண்ணாச்சி."

"நாளைக்குக் காதுகுத்துல்ல?" என்றார்; யார் சொன்னார்களோ. அறையே சிரித்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் பொய்யைப் பிடிக்க வள்ளித்தாய் வந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, வலது கை விரலை நகம் பதியக் கிள்ளியிருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. திரும்பினால் அவள் முகம் வெளுத்திருந்தது. என் விரல்களைப் பொத்திப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க. நல்லா கிள்ளிட்டேன், இவளுக்கு வலிக்கல. கை சில்லுனு கெடக்கு."

சிவகாசியில் மணிக்கட்டைப் பிடித்த டாக்டர், நாடி இல்லை என்று நேரே மதுரைக்கு அனுப்பினார். மதுரை டாக்டர் மறைக்காமல் சொன்னார்: "தோள்கிட்ட போற ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கும்மா. சீக்கிரம் சரி பண்ணலேன்னா கையையே எடுக்க வேண்டி வரும்." பயந்துபோனேன். கை இல்லாமல் நான் என்னத்தைப் பின்ன? வாயில் ஒரு பொய்கூட வரவில்லை.

தோளைக் கீறவில்லை. தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து ரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய கம்பியைத் தோள்வரை கொண்டுபோனார்கள். துணி போர்த்திய ஸ்பிரிங் மாதிரி ஒரு குழாயைக் கிழிசலுக்குள் விரித்துவிட்டார்கள். நான் முழித்துக்கொண்டு அதையெல்லாம் அங்கிருந்த டிவியில் பார்த்தேன்.

"கை சரியில்லன்னு வந்தா தொடையில குத்துறீகளே?"

"உங்க தாயில்பட்டியிலருந்து மெட்ராஸ் போக மதுரை வழியாத்தான போறீங்க, அது மாதிரி" என்றார் டாக்டர்.

கொஞ்ச நேரத்தில் விரல்களுக்குள் சூடு இறங்கியது. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு, "அடிக்குது" என்றார். அழுதுவிட்டேன்.

16-9-2008

வள்ளித்தாய் வந்தாள். ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்கும் முன்பே விரலைக் கிள்ளினாள். நான் கத்தினேன், அவள் அழுதாள். கிள்ளியவளே அழுவது என்ன நியாயம்?

2-2-2009, திங்கள்

விரல்கள் பழையபடி மடங்க நான்கு மாதம் ஆயிற்று. வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். தினமும் காலையில் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பின்னத் தொடங்குகிறாள். விரலில் தழும்பே விழுந்துவிடும் போலிருக்கிறது.

9-2-2009

இன்று அவள் கிள்ளியபோது, சும்மா விளையாட்டுக்கு முகத்தை அசைக்காமல் இருந்தேன்.

"ஏட்டி, வலிக்கலையா?"

கையிலிருந்த சரம் கீழே விழ எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி, வண்டிய—"

"வலிக்குதுட்டி, வலிக்குது" என்று பிடித்து உட்கார வைத்தேன். அவள் என் விரலை விடவே இல்லை. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. இனி இந்த விளையாட்டு வேண்டாம்.

10-2-2009

பின்னுவதில் இப்போது அவள் முதல், நான் நான்காவது.

நாளை மதினி வீட்டில் வளைகாப்பு. வளைகாப்பு என்றே சொல்லி லீவு கேட்டேன். அண்ணாச்சி நம்பவில்லை. "நெசமாத்தான் சொல்லுதா, விடுங்க" என்று வள்ளித்தாய் சாட்சி சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.