பிள்ளை உங்கைதானே?

27.8.93, வெள்ளி. காலை

சோளகக் காற்று. கிணற்றடி வாழையிலை எல்லாம் நார் நாராய்க் கிழிந்து ஆடுகிறது. முற்றம் கூட்டிய கையோடு திரும்பவும் குப்பை. இனிக் கூட்டுவதில்லை.

இன்றைக்கு இவருடைய சித்தப்பா மகனுக்குக் கலியாணம். பெண் வீடு உடுவில். எங்களுக்குத் தில்லையண்ணையின் பழைய ஏ-போட்டி கார். பண்டத்தரிப்பில் இன்னும் ஓடுகிற கார்களில் ஒன்று. பெற்றோலுக்குத் தடை, ஓடுவது மண்ணெண்ணெயில். ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில சொட்டுப் பெற்றோல். அதை ஒரு பாணி மருந்துப் போத்தலில் விட்டுக் காருக்குள் வைத்திருக்கிறார். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

எடுக்க வேண்டியவை: பட்டுச்சேலை (பாச்சை உருண்டை மணம், வெயிலில் போடவும்). வாணிக்கு மாற்றுச் சட்டை. தண்ணீர்ப் போத்தல். பன்னீர்ச் செம்பு. பவளம் மச்சாளுக்குத் தலைவலித் தைலம், கேட்பார்.

மச்சாள் இவருடைய அக்கா. கலியாணம் செய்யவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடும் தையல் மெசினும். வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் ஓட்டை. அதற்குள்ளால் நாங்கள் குனிந்து போவோம், ஒன்றரை வயது வாணி நிமிர்ந்து போவாள். ஆறாம் திகதி பள்ளிக்கூடம் தொடங்குகிறது. என் சம்பளமில்லா லீவும் முடிகிறது. நான் படிப்பிக்கப் போனால் பிள்ளை மச்சாளோடு. அந்த விஷயத்தில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

கார் வந்துவிட்டது. ஊர் முழுக்க மண்ணெண்ணெய் மணம்.

28.8.93, சனி

பிள்ளை சுகம். முதலில் அதை எழுதிவிட்டேன். பால் குடித்தாள், கோழி துரத்தினாள், இப்போது நித்திரை. இதை எழுதுவதற்கிடையில் போய் மூச்சுப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று: பின் சீற்றில் நானும் மச்சாளும், நடுவில் வாணி. முன்னால் இவரும் தில்லையண்ணையும். புகைக்கும் புழுதிக்கும் பயந்து கண்ணாடி முழுவதும் உயர்த்தியிருந்தோம். சண்டிலிப்பாய் தாண்டமுன் பிள்ளை நித்திரை. புழுதி படாமல் மச்சாள் தன் வெள்ளைச் சால்வையால் போர்த்திவிட்டார்.

பெண் வீட்டு வாசலில் தவில், நாதஸ்வரம், ஆராத்தி, சனம். இந்தக் கதவால் நான் பன்னீர்ச் செம்போடு. அந்தக் கதவால் மச்சாள் தட்டத்தோடு. இவர் மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்க ஓடினார். சனத்துக்கு மேலால் நான் கத்தினேன்:

"மச்சாள், பிள்ளை உங்கைதானே?"

"ஓமோம், உங்கைதான்!"

நிம்மதியாக உள்ளே போனேன். தில்லையண்ணை பெற்றோல் போத்தல் பத்திரமா என்று பார்த்துவிட்டுக் காரைப் பூட்டினார். பின் சீற்றில் கிடந்தது வெறும் சால்வை என்று நினைத்தாராம்.

தாலி கட்டினார்கள். அறுகரிசி போட்டேன். பெண்ணின் சேலைக் கரை பற்றி யாரோடோ கனநேரம் கதைத்தேன். பிறகு முதற் பந்தி. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, நல்ல ருசி. எதிர் வரிசையில் மச்சாள். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் என் மடியைப் பார்த்தார். நான் அவருடைய மடியைப் பார்த்தேன்.

பந்தியில் பாதியில் எழும்பக் கூடாது. நாங்கள் எழும்பின எழும்பலில் பக்கத்து இலைப் பாயாசமும் கவிழ்ந்தது. ஒரு பெரியவர், "உதென்ன பழக்கம்?" என்று ஏசினார்.

வேப்பமர நிழலில் விட்ட கார். நிழல் எப்போதோ மற்றப் பக்கம் போய்விட்டது. இவர் கண்ணாடியை உடைக்கக் கல்லைத் தூக்கவும், தில்லையண்ணை சோற்றுக் கையோடு ஓடி வரவும் சரியாக இருந்தது. மடியில் கட்டிய கார்த் திறப்பை இழுத்தார். வேட்டி வந்தது, திறப்பு வரவில்லை. இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது. அப்போது அவரைக் கொன்றிருப்பேன்.

கதவு திறந்தது. பாண் சுடுகிற போறணையைத் திறந்தது போல வெக்கை. பிள்ளையின் உடம்பு கொதித்தது. தலைமயிர் தோய்ந்து, முகம் செக்கச் செவேல் என்று. வாணி, வாணி என்கிறேன், கண் திறக்கவில்லை. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கலியாணத்துக்கு வந்த ஒரு நேர்ஸ் அம்மா எங்களை விலக்கினார். "அழுறதை விட்டிட்டு உடுப்பைக் கழட்டுங்கோ! தண்ணி கொண்டு வாங்கோ! வாயுக்கை ஒண்டும் ஊத்தாதேங்கோ, முழிக்கட்டும்." கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துவாய், உடம்பு முழுக்க. நாலு பேர் விசிறினார்கள். கார் வழக்கம்போல இருமியது, ஓடவில்லை. இவர் யாருடையதோ சைக்கிளை எடுத்தார். நான் கரியரில், மடியில் ஈரத் துவாயோடு பிள்ளை. ஆசுபத்திரி. சேலைன்.

டொக்டர் கேட்டார், "பிள்ளை ஆரின்ரை பொறுப்பிலை இருந்தது?"

"என்ரை," என்றேன். பின்னாலே இன்னொரு சைக்கிளில் வந்து இறங்கிய மச்சாளும் "என்ரை" என்றார். இவரும் "என்ரை" என்றார்.

டொக்டர் மூன்று பேரையும் பார்த்தார். "மூண்டு பேரின்ரை எண்டால் ஒருத்தரின்ரையும் இல்லை," என்றார்.

பின்னேரம் கண் விழித்தாள். யன்னலில் ஒரு காகம். "காகா," என்றாள். அந்தக் காகத்துக்கு ஆயுள் முழுக்கச் சோறு வைப்பேன். எந்தக் காகம் என்று தெரியாததால் எல்லாக் காகத்துக்கும்.

29.8.93, ஞாயிறு

வெயில். காற்று. சனம்.

விசாரிக்க வந்தவர்களும் அவர்கள் கண்டுபிடித்தவையும்:

மூலைவீட்டு அன்னம்மாக்கா: நாவூறு. செத்தல் மிளகாய் சுட்டார். பிள்ளை தும்மவில்லை, மற்ற எல்லோரும் தும்மினோம்.

இவர் வேலை செய்கிற சங்கக்கடை மனேச்சர்: கார்தான் பிழை. "சைக்கிளிலை கொண்டு போனால் பிள்ளையை மறக்க ஏலுமோ?" இதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இவருடைய பெரியம்மா: "பெத்தவளுக்கெல்லோ தெரியவேணும்." அரை மணித்தியாலம் இது. பிறகு, மச்சாள் குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றப் போனதும், குரலைக் கொஞ்சமும் குறைக்காமல்: "பெறாதவளிட்டைக் குடுத்தால் உப்பிடித்தான்."

பெரியம்மாவுக்குத் தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி கொடுக்கவில்லை. வெறும் தேத்தண்ணீர் குடிக்கட்டும்.

ஆனால் கேட்கக் கூடாதவர் கேட்டுவிட்டார். மச்சாள் தட்டை வைத்துவிட்டுப் பொட்டால் போனவர்தான், திரும்பி வரவில்லை.

குண்டு போடுகிற பிளேன் சத்தம் கேட்டால் இந்தப் பிள்ளையை ஒருநாளும் மறந்ததில்லை. அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள். பயத்தில் மறக்காத நாங்கள் மேளச் சத்தத்தில் மறந்தோம். சந்தோஷமாக இருக்கப் பழக்கம் விட்டுப் போயிற்றோ?

31.8.93, செவ்வாய்

சவர்க்காரம் முடிந்தது. பனங்காய்க் களியால் தோய்க்கலாம் என்கிறார் அன்னம்மாக்கா. தோய்த்த துணியை மாடு தின்னாமல் இருந்தால் சரி.

பொட்டருகில் நின்று, அன்றைக்கு ஏன் 'ஓமோம்' என்றவர் என்று மச்சாளிடம் கேட்டேன். மெசினை நிறுத்தாமல் பதில் சொன்னார். "நீ 'பிள்ளை இஞ்சைதான்' எண்டு சொன்ன மாதிரிக் கேட்டுது. அதுதான் ஓமோம், உங்கைதான் எண்டனான்."

விளங்கிவிட்டது. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லித்தான் பெருமைப்படுவேன்: இங்கே என்றால் சொல்பவர் பக்கம், அங்கே என்றால் இருவருக்கும் தூரம், உங்கே என்றால் கேட்பவர் பக்கம். "மற்ற ஊர்த் தமிழர் உந்த உகரச் சுட்டைத் துலைச்சுப் போட்டினம், நாங்கள்தான் வைச்சிருக்கிறம், பிள்ளையள்." வைத்திருந்து என்ன கண்டோம்? நான் உங்கை என்றது மச்சாள் பக்கம். மச்சாள் உங்கை என்றது என் பக்கம். ஆளையாள் காட்டிக்கொண்டு நின்றோம், பிள்ளை காருக்குள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

இவரிடம் சொன்னேன். எழும்பி நின்று சட்டம் போட்டார். "இண்டையிலையிருந்து இந்த வீட்டிலை உங்கை எண்ட சொல்லே கிடையாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கை என்ன சிரிப்பு?" என்றார்.

கை தட்டினேன். வாணியும் தட்டினாள். சட்டம் ஒரு நிமிஷம்கூட உயிரோடு இருக்கவில்லை.

1.9.93, புதன்

யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் மற்றவர் கை தட்ட வேண்டும். இதுதான் இப்போதைய விளையாட்டு. இன்றைக்கு அகப்பட்டவர்கள்: இவர் (கனதரம்), நான், தபால்காரர், பெரியம்மா. பெரியம்மாவுக்கு ஏன் தட்டுகிறோம் என்று விளங்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல் விழும் முன்பே வாணி கையை உயர்த்திக்கொண்டு வாயைப் பார்க்கிறாள்.

தில்லையண்ணை ஒரு பப்பாப்பழத்தோடு வந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. காலை மட்டும் தொட்டுப் பார்த்தார். "இப்ப பூட்ட முந்திப் பின் சீற்றைக் கையாலை தடவிப் பாக்கிறனான், தங்கச்சி. கண்ணை நம்பிறேல்லை. நேற்று ஒரு வாழைக்குலை அம்பிட்டுது."

"ஆரின்ரை?"

"தெரியேல்லை. சாப்பிட்டம்."

மெசின் சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டுக்கொண்டே இருந்தது. மச்சாள் வரவில்லை.

2.9.93, வியாழன்

நானே பொட்டால் போனேன். திங்கள் பள்ளிக்கூடம் தொடங்க, பிள்ளையைப் பார்ப்பாரா என்று கேட்டேன். மச்சாள் தலையை நிமிர்த்தவில்லை. கையில் ஒரு பாவாடைக் கரை.

"வேறை ஆரையும் பார், சுகந்தி."

"ஏன் மச்சாள்?"

"பெத்திருந்தால் மறந்திருப்பனோ?"

"பெத்தவள்தானே முன்னாலை இருந்து கத்தரிக்காய் திண்டவள்."

சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "அதின்ரை கழுத்துச் சாஞ்சு கிடந்ததை நான் பாத்தனான். ஏலாது. என்னை விடு." மெசினை மிதிக்கத் தொடங்கினார். நூல் கோக்கவில்லை. வெறும் ஊசி ஓடியது.

திரும்பி வந்து குசினிக்குள் நின்று அழுதேன். வேறு யார்? அன்னம்மாக்காவுக்குக் காது மந்தம். பெரியம்மா, சாமி காப்பாற்றும். நான் வேலையை விடலாம் என்கிறார் இவர், விட்டால் சாப்பாட்டுக்கு என்ன என்று அவரே கேட்கிறார். அதெல்லாம் ஒரு பக்கம். பவளம் மச்சாள் இல்லாமல் இந்தப் பிள்ளை வளர்வதை என்னால் நினைக்க முடியவில்லை. முதல் அடி வைத்ததே மெசின் சத்தத்தை நோக்கித்தான்.

4.9.93, சனி

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். மத்தியானம் சம்பல் அரைத்துக்கொண்டிருக்கப் பிளேன் சத்தம். கையைக்கூடக் கழுவாமல் திரும்பினால் பாயில் பிள்ளை இல்லை. முற்றத்தில் இல்லை. கிணற்றடியில் இல்லை. நெஞ்சு திரும்பவும் அந்தக் கார்க் கதவடிக்குப் போய்விட்டது.

அப்போது வேலிக்கு அப்பால் மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல். ஊர் கேட்க.

"இஞ்சை! சுகந்தி, பிள்ளை இஞ்சை! என்ரை கையிலை! என்ரை கையிலை!"

பொட்டுக்குள்ளால் பாய்ந்ததில் சேலை கிழிந்தது. பங்கருக்குள் மச்சாள், மடியில் வாணி, மூலையில் ஒரு தேரை. வாணிக்குத் தேரையைத் தொட வேண்டும், மச்சாள் விடவில்லை. பிளேன் எங்களைக் கவனிக்காமல் பலாலிப் பக்கம் போய்விட்டது. நாங்கள் வெளியே வரவில்லை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது.

"எப்பிடி உங்களிட்டை வந்தவள்?"

"அதுவாத்தான் வந்தது. சத்தம் கேட்க முந்தியே வந்து மெசினுக்குக் கீழை இருந்தது." பிள்ளையின் தலையைத் தடவினார். பிறகு, "திங்கள் எத்தினை மணிக்குப் போவாய்?" என்றார்.

சம்பல் கையால் கண்ணைத் துடைத்தேன். மிளகாய்ச் சம்பல். நல்லாய் அழுதேன், ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லாமல்.

மச்சாளின் நிபந்தனை ஒன்றே ஒன்று. "எட்டி நிண்டு கத்தி ஒப்படைக்கிற வேலை வேண்டாம். கையிலை தா. நானும் கையிலை தருவன். ஒரு நேரத்திலை ஒரு ஆளின்ரை."

5.9.93, ஞாயிறு

சேலை தைக்கக் கொடுத்தேன். கொப்பிகள், சோக்கு, குடை. சைக்கிளுக்குக் காற்று அடிக்கவும். மச்சாள் இன்றைக்கு நாலு தரம் பொட்டால் வந்தார், ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு: தீப்பெட்டி, உப்பு, திரும்பவும் தீப்பெட்டி. மனம் குளிர்ந்து கிடக்கிறது.

6.9.93, திங்கள்

இலேசான மழை மப்பு. பொட்டடியில் நின்று ஒப்படைத்தேன்.

"இந்தாங்கோ மச்சாள். தந்திட்டன்."

"வாங்கீட்டன். இனி என்ரை பொறுப்பு. நீ போ."

வாணி அழவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒழுங்கை திரும்புகிற முடக்கு வரை போய்ச் சைக்கிளை நிறுத்தினேன். எட்டி நின்று கத்தக் கூடாது, தெரியும். கத்தினேன்.

"மச்சாள்! பிள்ளை எங்கை?"

மச்சாள் வாய் திறக்க முதல் வேலிக்குள்ளிருந்து கீச்சுக் குரல்:

"உங்கை!"

பிறகு கை தட்டும் சத்தம், முதலில் சின்னக் கை, பிறகு பெரிய கை. பள்ளிக்கூடம் போகும் வழி முழுக்க நான் சிரித்த சிரிப்பில் முதல் மணி தவறிவிட்டது.